நுங்கு நிறத்தில் ஓர் ஆட்டுக்குட்டி

மே 21, செவ்வாய் – சரகோசா

அக்கா மகன் பார்சிலோனாவில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து அக்காவை அழைத்துக்கொண்டு வந்தேன். வந்த நேரம் அவனுக்குத் தேர்வு. "மாமா, அம்மாவை ஓர் ஐந்து நாள் எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இங்கே இருந்தால் சமைத்துப் போட்டே என்னைப் பெயிலாக்கிவிடுவாள்" என்று கெஞ்சினான். எனக்கும் பல வருட ஆசை ஒன்று இருந்தது. ஸ்பெயினின் அரகோன் நாட்டு அலபாஸ்டர் வெள்ளைக்கல் சிற்பங்களை, அதிலும் 16ஆம் நூற்றாண்டுச் சிற்பி தமியான் ஃபோர்மென்ட் செதுக்கியவற்றை, நேரில் பார்க்க வேண்டும். கிறிஸ்தவச் சிற்பங்களில் சிங்கமும் ஆடும் கழுகும் எதற்காக வருகின்றன என்று அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியைக்குப் பாடம் சொல்ல நினைத்தது என் முதல் தவறு.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. சியெர்சோ என்று பெயர். வடமேற்கிலிருந்து எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் வறண்ட, குளிர்ந்த காற்று. வெயில் பளீரென்று அடிக்கிறது, ஆனால் பல் கிடுகிடுக்கிறது. "ஆரல்வாய்மொழிக் காற்றை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பியதுபோல் இருக்கிறது தம்பி" என்றாள் அக்கா. வரும் வழியில் காற்றாலைகளைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பட்டுச் சேலையின் மேல் என் ஸ்வெட்டரை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் நடந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூதாட்டி மட்டும் நின்று, சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்து, "போனிதோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அழகாம்.

சாந்தா எங்கிராசியா கோயிலின் முகப்பு முழுவதும் அலபாஸ்டர். ஒரு பெரிய வளைவுக்குள் பலிபீடத்தையே தூக்கித் தெருவில் நிறுத்தியதுபோல் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில் மோர்லானெஸ் ஆரம்பித்து, அதே பெயருள்ள மகன் முடித்தார். 1808இல் பிரெஞ்சுப் படை பின்வாங்கும்போது பின்னால் இருந்த மடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. முகப்பு தப்பிவிட்டது. வெடிக்குத் தப்பியதை மழை விடவில்லை. அலபாஸ்டர் என்பது வேறொன்றுமில்லை, சிமெண்டில் கலக்கும் ஜிப்சம்தான். நகத்தால் கீறலாம், தண்ணீரில் மெல்ல மெல்லக் கரையும். வீட்டுக்குள் வைக்க வேண்டிய கல்லை வீதியில் வைத்தால் வேறு என்ன ஆகும்? நூறு ஆண்டுக்கு முன்பே பழுதுபார்த்திருக்கிறார்கள்.

அந்த மடம் புனித ஜெரோமின் சபையைச் சேர்ந்தது. ஜெரோம் என்றால் பக்கத்தில் சிங்கம் இருக்கும், அவர் அதன் காலில் தைத்த முள்ளை எடுத்துவிட்ட கதை என்று அக்காவிடம் விளக்கிவிட்டுச் சிங்கத்தைத் தேடினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். "சிங்கம் மழையில் கரைந்திருக்கும், வா, காப்பி குடிக்கலாம்" என்றாள். காப்பி ஒன்று 1 யூரோ 60. கடைக்காரர் "ஊன் மொமெந்திகோ" என்றார். ஒரு கணம் என்பதை இங்கே "இகோ" சேர்த்து ஒரு குட்டிக் கணம் ஆக்கிவிடுகிறார்கள். அந்தக் குட்டிக் கணம் பன்னிரண்டு நிமிடம் நீடித்தது.

மே 22, புதன் – சரகோசா

லா செயோ பேராலயத்தில் காலை முழுவதும் போயிற்று. பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் அளவுக்கு எழும் சிற்ப அடுக்கை ஸ்பானியர்கள் ரெதாப்லோ என்கிறார்கள். இங்கிருப்பதை 1434இல் பெரே ஜொவான் என்பவர் தொடங்கினார். ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் வந்து மேல்பகுதியைச் செய்தார். நடுவில் குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானியர், இருபுறமும் இயேசுவின் உருமாற்றமும் விண்ணேற்றமும். இது மறுமலர்ச்சிக்கு முந்தைய கோதிக் வேலை. ஆனால் இதைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. ஏனென்றால் பத்து நிமிட நடையில் இருக்கும் பிலார் கோயிலுக்கு ஃபோர்மென்ட் 1509இல் வேலை எடுத்தபோது, லா செயோவில் இருப்பதைப்போல் அமைய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். பக்கத்துத் தெருக் கோயில் தேரைவிட நம் தேர் ஒரு முழமாவது உசந்திருக்க வேண்டும் என்கிற அதே சங்கதி.

லா செயோவின் குருக்கள் மன்றத்துக்கு முத்திரை, கொடி தாங்கிய செம்மறிக்குட்டி. "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" என்று அக்கா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டாள். முன்னங்காலில் ஒன்றை மடக்கிக் கொடிக்கம்பைப் பிடித்திருக்கும் இந்த ஆட்டை எவ்வளவோ கோயில்களில் பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஆடாகவே தெரிந்ததில்லை. தபால் முத்திரை மாதிரி. பார்த்ததும் அர்த்தம் வந்துவிடுகிறது, பிறகு பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

நம் ஊர்க் கண்ணுக்குச் சிங்கம், காளை, கழுகு என்றாலே வாகனம் நினைவுக்கு வரும். நான் அப்படித்தான் தொடங்கினேன். அக்கா வெட்டினாள். "வாகனம் வேறு, இது வேறு. விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் வருகிற நான்கு உயிர்கள். நற்செய்தி எழுதிய நால்வரில் மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு, மத்தேயுவுக்கு மனித முகம். யாரும் யார்மேலும் ஏறி உட்காரவில்லை. ஆளுக்குப் பதிலாக அதுவே நிற்கும்." முப்பத்து நான்கு வருடம் கரும்பலகை முன்னால் நின்ற குரல். பக்கத்தில் நின்ற ஸ்பானியப் பள்ளிப் பிள்ளைகளே அமைதியாகிவிட்டார்கள். நானும் விடவில்லை. சிங்கக்குட்டிகள் இறந்தே பிறக்கும், மூன்றாம் நாள் தந்தைச் சிங்கம் வந்து ஊதினால் உயிர் பெறும் என்று பழைய விலங்கு நூல்கள் நம்பின, அதனால்தான் அது உயிர்த்தெழுதலுக்கு அடையாளம் என்று சொன்னேன். "தாய்ச் சிங்கம் என்ன செய்துகொண்டிருந்ததாம்?" என்று கேட்டாள். அந்த நூல்களில் அதற்குப் பதில் கிடையாது.

மதியம் எல்லாக் கோயிலும் மூடிவிட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் அன்றைய சாப்பாடு 16 யூரோ. எண்ணெயில் வதக்கிய போராஹா கீரைத்தண்டு, பிறகு தெர்னாஸ்கோ. எழுபதிலிருந்து நூறு நாள் வயதுக்குள் இருக்கும் செம்மறிக்குட்டியின் கறி. அரகோனின் பெருமை அது. உருளைக்கிழங்கின் மேல் வைத்து அடுப்பில் சுட்டு, தோல் மொறுமொறுவென்று வந்தது. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காலையில் கும்பிட்டதை மதியம் தின்கிறோம்." பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மிளகு போதாது என்பது மட்டுமே அவள் குறை.

பிலாரில் ஃபோர்மென்டின் ரெதாப்லோ. நடுவில் மரியாளின் விண்ணேற்பு. 1518இல் முடிந்தது. அடிப்பகுதியில் வட்டப் பதக்கத்துக்குள் தன் தலையையும் மனைவியின் தலையையும் செதுக்கி வைத்திருக்கிறார். நம் கோயில் தூணில் கைகூப்பி நிற்கும் ஸ்தபதியை நினைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். இவர் கைகூப்பவில்லை.

மாலையில் ஒரு கடையில் அக்கா விரல் நீள அலபாஸ்டர் ஆட்டுக்குட்டி ஒன்றை 14 யூரோவுக்கு வாங்கினாள். கொடியில்லாத, சும்மா படுத்திருக்கும் குட்டி. "இதுதானா அந்த வெள்ளைக்கல் பரணி வெள்ளைக்கல்?" என்று கேட்டாள். விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், இயேசுவுக்காக ஒரு பெண் பரிமளதைலம் கொண்டுவந்த பரணி. பழங்காலத்து எகிப்து அலபாஸ்டர் கால்சைட், கொஞ்சம் கெட்டியான வேறு கல் என்று சொல்ல வாயெடுத்தேன், காதில் வாங்கவில்லை. கடைக்காரர் கைப்பேசி விளக்கை ஆட்டின் வயிற்றுக்கடியில் பிடித்தார். குட்டி முழுவதும் ஒளி பரவியது. உள்ளே சாம்பல் நரம்புகள், ஓரத்தில் மட்டும் தேன் நிறம். "நுங்கு!" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். பதநீர்க் கடையில் இளநுங்கைச் சுளையாகத் தோண்டி வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரிகிற அதே மங்கல் ஒளி.

மே 23, வியாழன் – வெஸ்கா

காற்று நின்றுவிட்டது. வெஸ்கா சின்ன ஊர். பேராலயம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. அக்காவின் முழங்காலுக்கு அந்தச் சரிவு ஒத்துவரவில்லை. மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். மூன்றாவது இடம் ஒரு பலகாரக் கடை வாசல். இந்த ஊரின் சிறப்பான மார்சிபான் 'கஷ்கொட்டை' நூறு கிராம் வாங்கினோம். உண்மையில் பாதாம் மாவு உருண்டை, மேலே கருகின தோல். முந்திரிக்கொத்தை நினைத்துக் கடித்துவிட்டு ஏமாந்தேன். அக்காவுக்குப் பிடித்துவிட்டது.

உள்ளே போனபோது பகல் பதினொன்றரை. ரெதாப்லோ இருட்டில் சாம்பல் மலையாக நின்றது. ஒரு பெண்மணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் தமிழிலேயே, கையால் விளக்குப் போடுவதுபோல் காட்டி, "கொஞ்சம் போடுங்கள் அம்மா" என்றாள். அவர் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுப் போய்ச் சுவிட்சைப் போட்டார். மூச்சு நின்றுவிட்டது.

ஃபோர்மென்ட் 1520இல் தொடங்கி 1533 வரை இதில் கிடந்திருக்கிறார். மூன்று பெரிய காட்சிகள். இடப்புறம் சிலுவை சுமந்து போவது, நடுவில் சிலுவை மரணம், வலப்புறம் சிலுவையிலிருந்து இறக்குவது. கீழ் வரிசையில் இராவுணவும் இயேசுவின் பாடுகளின் காட்சிகளும். மேலே விதானங்கள் கோதிக் ஊசிகளாக நீள்கின்றன, அவற்றின் கீழே இருக்கும் மனிதர்கள் ரோமாபுரிப் பாணி மறுமலர்ச்சிக்காரர்கள். உடம்பைத் திருப்புகிறார்கள், ஒருவரையொருவர் இடிக்கிறார்கள், துணி காற்றில் பறக்கிறது. புடைப்புச் சிற்பம் என்றுதான் பெயர். முன்வரிசை ஆட்களின் கைகால்கள் பின்னணியைவிட்டு முழுதாக விலகி நிற்கின்றன. அவ்வளவு ஆழமாக உளியை உள்ளே விட இந்த மெத்தென்ற கல்லால்தான் முடியும். பளிங்கில் செய்திருந்தால் அந்தப் பதிமூன்று வருடம் முப்பதாகியிருக்கும்.

கூட்டத்துக்கு நடுவே குதிரைகள். எந்தப் புனிதரின் பக்கத்திலும் நிற்காத, எந்த நூலிலும் விளக்கம் எழுதப்படாத குதிரைகள். வீரர்களை ஏற்றிக்கொண்டு வந்தவை, அவ்வளவுதான். நெரிசலில் தலையைத் திருப்ப இடமில்லாமல், தேரோட்டத்தன்று ரதவீதியில் மாட்டிக்கொண்ட வண்டி மாடுபோல் ஒரு தவிப்பு. மூக்குத் துவாரத்தின் விளிம்பு மெல்லியதாக இருந்ததால் விளக்கொளி அதில் ஊறி, அந்த இடம் மட்டும் சூடாக இருப்பதுபோல் தோன்றியது. மூச்சு விடுகிற இடம். நான் அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு நாளாக அடையாளங்களைத் தேடி அலைந்த எனக்கு, எதற்கும் அடையாளமாக நிற்காத இந்த மிருகம்தான் முதன்முதலாக உயிரோடு தெரிந்தது.

"இது எதற்கு அடையாளம்?" என்று அக்கா கேட்டாள்.

"எதற்கும் இல்லை."

"நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இங்கும் பதக்கத்தில் தன் முகம் வைத்திருக்கிறார், இந்த முறை மகளோடு. இங்கேயே இளம் வயதில் இறந்துபோன ஒரு சீடனுக்கு லத்தீனில் கல்லறை வாசகம் பொறித்தபோது, தன்னைப் பழைய கிரேக்கச் சிற்பிகளான ஃபிடியாஸுக்கும் பிராக்ஸிட்டிலீஸுக்கும் போட்டியாளன் என்று எழுதிக்கொண்டவர் இவர். சீடனின் கல்லறையில் தன் புகழ். கோபம் வரவேண்டும், ஆனால் அந்தக் குதிரையைப் பார்த்த பிறகு வரவில்லை. பொப்லெட் மடத்துத் துறவிகளோ இவர் செய்துகொடுத்த ரெதாப்லோ சரியில்லை என்று பணம் தரமறுத்து வழக்காடினார்கள். போட்டியாளனுக்கும் அந்தக் கதிதான்.

வெளியே வரும்போது விளக்குப் போட்ட பெண்மணிக்கு அக்கா நான்கு மார்சிபான் உருண்டைகளைக் கொடுத்தாள். அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்றவற்றைக் கவனமாகக் கைக்குட்டையில் மடித்து மேலங்கிப் பையில் வைத்தார்.

மே 24, வெள்ளி – பஸ் நிலையமும் லொக்ரோன்யோவும்

இந்த நாளை எழுதவே மனமில்லை. பலகையில் ஒரு நடைமேடை எண், டிக்கெட்டில் வேறு எண். நாங்கள் டிக்கெட்டை நம்பினோம். பஸ் பலகையை நம்பிப் போய்விட்டது. அடுத்தது ஐந்து மணிநேரம் கழித்து. பஸ் நிலையத்து ரொட்டி 5 யூரோ, உள்ளே ஒரு துண்டுப் பன்றிக்கறி, அவ்வளவே. அக்கா திட்டவில்லை. திட்டாமல் ஜெபமாலை சொன்னாள். அது இன்னும் மோசம்.

இரவு லொக்ரோன்யோ. லவுரெல் தெருவில் காளான் சுடுகிறார்கள். மூன்று காளான் தலைகளை அடுக்கி, உச்சியில் ஓர் இறாலைக் குத்தி, பூண்டு எண்ணெயை ஊற்றி ரொட்டித்துண்டின் மேல் தருகிறார்கள். நின்றுகொண்டேதான் தின்ன வேண்டும். எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. என் முழங்கை மட்டுமல்ல, அக்காவின் கைப்பையும் நனைந்தது. அதற்குள் ஆட்டுக்குட்டி.

நான் குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. விடுதியில் தேநீருக்கு வைத்திருந்த கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கைகழுவும் தொட்டியில் ஊற்றி, ஷாம்பு போட்டு, குட்டியை ஊறப்போட்டுவிட்டாள். "எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர்தானே!" கரையும் கல் என்று முதல் நாளே சொன்னேன். அவள் அப்போது சிங்கத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எடுத்துத் துடைத்தோம். மெருகு போய்விட்டது. கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். காதில் மட்டும் லேசாக ஒளி வந்தது, மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை. நுங்கு சுண்ணாம்புக்கட்டி ஆகிவிட்டது. பழைய கைவினைஞர்கள் அலபாஸ்டரைப் பளிங்குபோல் காட்ட வேண்டுமென்றே வெந்நீரில் பக்குவமாகக் காய்ச்சி ஒளி ஊடுருவாமல் செய்வதுண்டு. அதை அப்போது சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, இருட்டில், "பதினான்கு யூரோ எத்தனை ரூபாய் தம்பி?" என்று கேட்டாள்.

மே 25, சனி – சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா

சந்தியாகு நகரில் இருக்கும் புனித யாகப்பரின் கல்லறைக்குப் போகும் யாத்திரைப் பாதையில் இருக்கும் ஊர். 1109இல் இறந்த புனித தொமிங்கு யாத்திரிகர்களுக்காகச் சாலையும் பாலமும் போட்டவர், ஊருக்கே அவர் பெயர். தெருவெங்கும் முதுகில் பையும் கையில் கோலுமாக நடக்கிறார்கள். கோயில் திண்ணையில் ஒரு கொரிய இளம்பெண் காலணியைக் கழற்றிக் கொப்புளங்களுக்குப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா முழங்காலைத் தடவுவதைப் பார்த்து, கேட்காமலேயே ஒரு வலி ஒட்டியை நீட்டினாள். அக்கா பதிலுக்கு இஞ்சி மரப்பா கொடுத்தாள். அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே முழுவதையும் மென்றாள்.

பேராலயத்துக்குள் நுழைந்தால் புனிதரின் கல்லறை. மேலே 1513இல் எழுப்பிய அலபாஸ்டர் மண்டபம். அதற்கு எதிர்ச் சுவரில், உயரத்தில், கல்லில் செதுக்கி வண்ணம் தீட்டிய ஒரு கோழிக்கூடு. 15ஆம் நூற்றாண்டு வேலை. அதற்குள் உயிருள்ள வெள்ளைச் சேவலும் வெள்ளைக் கோழியும்.

கதை இது. பெற்றோருடன் யாத்திரை வந்த ஜெர்மானிய இளைஞன் ஒருவன்மேல் சத்திரக்காரன் மகள் ஆசைப்பட்டாள். அவன் இணங்கவில்லை. வெள்ளிக் கிண்ணத்தை அவன் பையில் ஒளித்துவைத்துத் திருட்டுப் பட்டம் கட்டினாள். தூக்கில் போட்டுவிட்டார்கள். சந்தியாகு போய்த் திரும்பிய பெற்றோர், புனிதர் காலைத் தாங்கிக்கொள்ள மகன் உயிரோடு தொங்குவதைக் கண்டு நீதிபதியிடம் ஓடினார்கள். சாப்பிட உட்கார்ந்திருந்த அவர், "உங்கள் மகன் உயிரோடு இருந்தால், என் தட்டில் இருக்கும் இந்தச் சேவலும் கோழியும் உயிரோடு இருக்கின்றன" என்றாராம். இரண்டும் எழுந்து கூவின. அதனால் இன்றுவரை பறவைகளை முறைவைத்து மாற்றி மாற்றி இங்கே வைத்திருக்கிறார்கள். சேவல் கூவுவதைக் கேட்டால் யாத்திரை நலமாக முடியும் என்று நம்பிக்கை. கூட்டத்தின் பாதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். சேவல் இறக்கையைக் கோதியது, தண்ணீர் குடித்தது, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது.

ஃபோர்மென்டின் கடைசி ரெதாப்லோ இங்கேதான் இருக்கிறது. 1537இல் தொடங்கினார், 1540இல் இதே ஊரில் இறந்தார். அடியில் அலபாஸ்டர், மேலே பொன்னும் வண்ணமும் பூசிய மரம். 1994இல் இதைப் பலிபீடத்திலிருந்து பேராலயத்தின் வடபுறச் சிறகுக்கு நகர்த்திவிட்டார்கள். மீனுடல் மனிதர்கள், குதிரையுடல் மனிதர்கள் என்று கிரேக்கப் புராணமே குடியேறியிருக்கிறது. தீமைக்கும் நன்மைக்கும் நடக்கும் போர் என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். அறுபதை நெருங்கிய மனிதருக்குச் செம்மறியும் சிங்கமும் செதுக்கிச் செதுக்கி அலுத்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. பொன் பூச்சு வெஸ்காவின் வெறும் கல்லுக்கு உறைபோடக் காணாது. ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன். கால் வலி வேறு.

அன்று முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகள். பையன்களுக்குக் கப்பற்படை வீரன் உடை, பெண் குழந்தைகளுக்கு வெள்ளைக் கவுன். பாட்டு ஆரம்பிக்கும் முன் ஒரு கணம் அமைதி. அந்தக் குட்டிக் கணத்தில் சேவல் கூவியது. தொண்டை கிழிய, மூன்று முறை. பிள்ளைகள் சிரித்தார்கள், குருவும் சிரித்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன், அக்காவைக் காணோம். கழிப்பறை தேடிப் போயிருந்தாள். வந்ததும் சொன்னேன். "கேட்டது, கேட்டது, வெளியேவரை கேட்டது" என்றாள். முகத்தைப் பார்த்தால் கேட்டதாகத் தெரியவில்லை.

நாளை புர்கோஸ் போவதாக இருந்தது. இரண்டு பேரும் வேண்டாம் என்று ஒரே மனதாக விட்டுவிட்டோம். பேராலயத்துக்கு எதிரே தூக்கில் தொங்கியவன் நினைவாக அவோர்காதித்தோ என்ற பாதாம் பூரணப் பலகாரம் விற்கிறார்கள். ஆறு வாங்கினோம், ஒன்று மகனுக்கு என்று எடுத்துவைத்து அதையும் தின்றோம். பஸ்ஸில் அக்கா காலிப் பெட்டியில் பலகாரத் தாளைக் கசக்கிப் போட்டு, அதன்மேல் ஆட்டுக்குட்டியைப் படுக்கவைத்துக் கட்டினாள். தாளில் வெண்ணெய் இருக்கிறதே, கல் குடித்துவிடுமே என்றேன். "குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.